காற்றின் மேல் போட்ட பழி

மார்கழியில் எங்கள் கடற்கரைக்கு வரும் பறவைகளைக் கண்ணால் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் காலையில் காரைக்கால்மேட்டுக்கு வந்து நிற்கட்டும். சூரியன் கடலுக்கு மேலே, முகத்துக்கு நேராக நிற்கும். வாடைக் காற்று மணலை வாரிக் கண்ணில் போடும். ஈர மணலில் குடுகுடுவென்று ஓடுகிற சின்னக் கால்கள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். புத்தகத்துப் படத்தில் இருக்கும் நுணுக்கம் ஒன்றுகூட அங்கே தெரியாது. குரல்தான் காட்டிக்கொடுக்கும். பச்சைக்காலி மூன்று முறை சீழ்க்கை அடிக்கும். பவளக்காலியின் குரல் கொஞ்சம் அழுகிற மாதிரி இறங்கும். கொசு உள்ளானுக்கு ஊசி முனை அளவு சத்தம், அவ்வளவுதான். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிளாஸ்கில் இருந்து காபி ஊற்றியபடியே நான் பெயர் சொல்வேன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு. கைவசம் இருந்த ஒரே வித்தை அதுதான். அதைத்தான் இப்போது இழந்துகொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இந்த விஷயத்தில் ஞானம் கிடையாது. அவர் கணக்கில் பறவை இனம் மொத்தமே இரண்டு: நெல் தின்பது, நெல் தின்னாதது. விவசாயக் குடும்பம். வீடு தருமபுரத்தில் இருந்தாலும் மனசு எப்போதும் வயலில் இருக்கும். சம்பா பால்பிடிக்கும் சமயத்தில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவதை அவர் பெரிய தியாகமாகவே சொல்லிக்கொள்வார். தலையில் மப்ளர், காலில் ரப்பர் செருப்பு. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருக்கும்போது அவர் கரையில் இழுத்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து, வலை பிரிக்கிறவர்களிடம் மீன் விலை கேட்டுக்கொண்டிருப்பார். வாங்கமாட்டார், கேட்பதோடு சரி.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் கரையில் சத்தம் குறைந்தது. பறவைகள் இருந்தன, குரல்கள் இல்லை. காற்றைத் திட்டினேன். "இந்த வருஷம் வாடை ரொம்ப மோசங்க, ஒண்ணுமே கேக்க விடல" என்றேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். வீட்டில் மாடித் தொட்டி நிரம்பினால் கீச்சென்று கத்தும் அலாரம் ஒன்று உண்டு. அது இருந்தும் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடியது. பிளம்பரைக் கூப்பிட்டு, மட்டமான சாமானை மாட்டிவிட்டுப் போனதாகச் சண்டை போட்டேன். பாவம், அந்த மனிதர் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். அதுவும் எனக்குக் கத்தவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். ஒலி பாடம் வந்தால் குஷியாகிவிடுவேன். வயதானால் காது முதலில் விடுவது உச்சமான சத்தங்களைத்தான், தாழ்ந்த சத்தங்கள் கடைசிவரை இருக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரரின் இருமல் கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது, ஆள்காட்டிக் குருவியின் கூச்சல் கேட்டது. அதனால் காது நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டேன். பாடமெல்லாம் மற்றவர்களுக்குத்தானே.

அதே சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் திருந்தினார். அப்படித்தான் நான் நம்பினேன். படகு நிழலை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார். "அந்த முள்ளுச்செடிக்குப் பின்னால ஏதோ கத்துதே, பாரேன்" என்பார். பைனாகுலரைத் திருப்பினால் அங்கே பவளக்காலி நிற்கும். "தலைக்கு மேல போவுது பாரு" என்பார். நிமிர்ந்தால் ஆலாக்கள் போய்க்கொண்டிருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் மாறாத மனிதரைப் பறவை மாற்றிவிட்டது என்று என் தங்கையிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டேன். "சிஷ்யன் தேறிட்டான்" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேலி செய்தேன். "டீச்சரம்மா புண்ணியம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

போன தை மாதம், கோட்டுச்சேரிமேட்டுக்கு உள்ளே கைவிட்டுப்போன இறால் குட்டைகளுக்குப் போயிருந்தோம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் கரைப் பறவைகள் அங்கேதான் ஒதுங்கும். உடைந்த கரைகள், முழங்கால் ஆழத்துக்கு உப்புத் தண்ணீர், நடுவில் சேற்றுத் திட்டுகள். நாங்கள் வரப்பில் ஏறியதும் ஒரு பச்சைக்காலி மிரண்டு எழும்பியது. கிட்டத்தில்தான் எழும்பியது. பைனாகுலரில் அதன் முகம் முழுசாகத் தெரிந்தது. அலகு திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது போல இருந்தது.

"சே, இந்தக் காத்து" என்றேன்.

அவர் மப்ளரை ஒருமுறை சரிசெய்துகொண்டார். "ஆமா, இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார்.

அப்போதுதான் குட்டையைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாரைகள் தங்கள் நிழல்மேல் நின்றுகொண்டிருந்தன. தூரத்தில் யாரோ வைக்கோல் கொளுத்திய புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. வாடை அன்றைக்கு விட்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை, பழக்கதோஷத்தில் காற்றைத் திட்டிவிட்டேன். ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஆமாம் என்கிறார்.

பைனாகுலரை இறக்கினேன். "எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"என்னா தெரியும்?"

"நடிக்காதீங்க."

வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "ரெண்டு வருஷமாவுது" என்றார். "தொட்டித் தண்ணி தெருவுல ஓடுது, அலாரம் உன் தலைக்கு மேல கத்துது, நீ கீரை ஆஞ்சுக்கிட்டு உக்காந்திருந்த. அப்பயே தெரிஞ்சுபோச்சு."

வயலுக்குப் போகிற சாக்கில் போனில் பறவைச் சத்தங்களைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார். களத்தில் வேலை செய்கிறவர்கள் ஒருமாதிரி பார்த்தார்களாம். எந்தச் சத்தம் எந்தத் திசையில் வருகிறதோ, பெயரைச் சொல்லாமல் அந்தத் திசையை மட்டும் எனக்குக் காட்டியிருக்கிறார். பெயர் சொல்வதை எனக்கே விட்டுவைத்திருக்கிறார்.

எனக்கு வந்தது நன்றி இல்லை, கோபம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஊரெல்லாம் சிஷ்யன் என்று சொல்லித் திரிந்தேனே, அத்தனையையும் கேட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே என்று உடம்பு கூசியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? குருடிய நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போயிருக்கீங்க" என்று கத்தினேன். நாரைகள் எழுந்து போய்விட்டன. பிறகு அழுதேன். அவர் பிளாஸ்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா நீ வர மாட்டேன்னு தெரியும்" என்றார். "அதான் சொல்லல."

அவர் சொன்னது சரிதான். டவுனில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பாதி நேரம் அமுக்க எதுவும் வரவில்லை. காது மெஷின் வாங்கினோம். வீட்டில் அது நன்றாகவே வேலை செய்தது. மிக்ஸி கொலை செய்கிற மாதிரி கத்தியது. தொட்டி அலாரத்தின் முழு வன்மமும் அப்போதுதான் தெரிந்தது. மனசுக்குள் பிளம்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் காரைக்கால்மேட்டில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கியதும் லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற இரைச்சல். காற்று மெஷினுக்குள் புகுந்துகொண்டது. இத்தனை நாள் நான் போட்ட பழிக்கு அது இப்போது வட்டியோடு திருப்பிக்கொடுத்தது. கழற்றிப் பையில் போட்டேன். ஊமைப் பறவைகள் ஓடின.

இனிமேல் போதும் என்று முடிவு செய்தேன். பைனாகுலரைத் துடைத்து உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டேன். பறவை இல்லாத காலை எவ்வளவு நீளமானது என்று எனக்கு அந்த நாட்களில் தெரிந்தது. பேப்பரை வரிவிடாமல் படித்தேன், மடித்து வைத்தேன், மறுபடி பிரித்தேன். எனக்குத் துக்கமாக இருந்தது. யார் செத்துப்போனார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாத துக்கம்.

அப்படி ஒரு காலையில் அவரைக் காணவில்லை. வயலுக்குப் போயிருப்பார் என்று இருந்துவிட்டேன். இட்லி ஆறிப்போன பிறகு ஸ்கூட்டர் வந்து நின்றது. நேராக அடுப்படிக்கு வந்தார். வேட்டி ஓரமெல்லாம் சேறு, உப்புச் சேறு. வயல் சேறு அந்த நிறத்தில் இருக்காது.

"குட்டைக்கா போனீங்க?"

"மூணு தடவ கத்திச்சு" என்றார். மூச்சு வாங்கியது. "பச்சைக்காலின்னுதான் நெனச்சேன். ஆனா கடைசில இழுத்து எறங்குது. றெக்கைல பின்னால வெள்ளையா பட்டை இருந்துச்சு. அது எது?"

"பவளக்காலி" என்றேன். அடுத்த நொடியே எரிச்சல் வந்தது. "நான்தான் வரலியே. எனக்காகத்தானே கத்துக்கிட்டீங்க? இப்ப யாருக்காகப் போனீங்க?"

அவர் சங்கடப்பட்டு நின்றார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல மப்ளரைக் கழற்றிக் கையில் சுற்றினார்.

"ஒனக்காகத்தான் ஆரம்பிச்சேன், இல்லேங்கல" என்றார். "ஆனா எனக்கு இப்பதானே கேக்க ஆரம்பிச்சிருக்கு. நீ வரலன்னா நான் அத யாருகிட்ட போய்ச் சொல்றது?"

அடுப்பை அணைத்தேன். உள்ளே போய் பீரோவைத் திறந்தேன்.