பெயர் ஒட்டாத குழாய்கள்

மலாயாவில் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, அங்கே மருந்து கொடுத்த டிரெஸ்ஸர் ஒரு விசித்திரமான மனிதர். முறுக்கிய மீசை, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, பையில் எப்போதும் கண்ணாடிக் குழாய்கள். காய்ச்சல் பரப்பும் கொசுவின் புழுக்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு குழாயிலும் பிடித்த இடத்தை எழுதி ஒட்டுவார். தன் பெயரை மட்டும் எழுத மாட்டார்.

"புழுவுக்குத்தான் ஊர் வேணும், தம்பி. எனக்கு எதுக்கு?"

சிங்கப்பூர் டாக்டர் ஒருவர் கேட்டதும் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். டாக்டர் அவற்றை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அதில் டிரெஸ்ஸரின் பெயர் எங்குமில்லை. போதாக்குறைக்கு, தெளிந்த ஓடையில் பிடித்த புழு சதுப்பில் பிடித்ததாக அச்சாகியிருந்தது.

"அலமாக்! இதை நம்பிச் சதுப்பைத் தூத்துட்டு ஓடையை விட்டுடுவாங்களே!" என்று பதறியவர், அன்றே கட்டுரை வந்த பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினார்.

"புடிச்சதே நான்தான்னு எழுதுங்கண்ணே," என்று கெஞ்சினேன். அவர் எழுதவில்லை.

பதில் வந்தது. இந்த விஷயம் தெரியாதவர்கள் முதலில் டாக்டரின் கட்டுரையைக் கவனமாகப் படிக்க வேண்டுமாம்!

"பாத்தீங்களா? கட்டுரையில உங்க பேரு இருந்திருந்தா உங்க பேச்சு எடுபட்டிருக்கும் லா!" என்று கத்தினேன்.

அந்தக் கட்டுரையைப் படித்த எங்கள் மேனேஜர், சதுப்பைத் தூர்க்க ஆட்களை அனுப்பினார். ஓடையை யாரும் தொடவில்லை. ஓடையோரத் தொழிலாளர் லயத்தில் காய்ச்சல் நிற்கவில்லை. டிரெஸ்ஸரோ அதே டாக்டருக்குப் புதுக் குழாய்களைப் பஞ்சில் பொதிந்துகொண்டிருந்தார்.

"மறுபடியும் கேட்டிருக்காரு தம்பி. இந்தத் தடவையாவது சரியாப் பார்ப்பாரு."

அவரை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை வருகிறது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிடுகிறது.