பன்னிரண்டாவது கோடு

கஜிதானி நமியே எதையும் ஒரு தடவை எண்ணிவிட்டுப் போகிறவள் அல்ல. பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. எண்ணூற்று நாற்பது பிள்ளைகளுக்கு எண்ணூற்று நாற்பது மீன் துண்டு என்று ரசீதில் இருந்தால், தட்டுத் தட்டாக எண்ணிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். அன்றன்று சமைத்ததில் கொஞ்சம் எடுத்துப் பையில் கட்டி, தேதி எழுதி, இரண்டு வாரம் உறைபெட்டியில் வைப்பதும் அவள் பொறுப்பு. எந்தப் பிள்ளைக்காவது வயிறு கெட்டால் சோதித்துப் பார்க்க அது வேண்டும். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் என்று கூட வேலை செய்யும் ஷிசுயோ அவளைக் கேலி செய்வாள்.

அந்தப் பிப்ரவரியில் நமியேவின் சந்தேகம் தொகாஷி மேல் திரும்பியது.

தொகாஷி எழுபது தாண்டியவர். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். சகாதா ஊரின் வடக்கு ஓரத்தில், கடல்காற்று நேராக வந்து மோதும் தெருவில், நமியேவுக்கு எதிர்வரிசையில் கடைசி வீடு அவருடையது. தெருவில் மொத்தம் பன்னிரண்டு வீடு. வருஷத்துக்கு ஒருவர் தெருக் குழுவுக்குத் தலைவர். தலைவர் என்றால் மாலை மரியாதை ஒன்றும் கிடையாது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை ஏழுக்கு முன்பே போய், குப்பைப் பைகளைக் காக்கை கிளறாமல் வலை விரித்து மூட வேண்டும். வகை பிரிக்காமல் போட்ட பைகளைப் போட்டவர் வீட்டுக்கே திருப்ப வேண்டும். எட்டேகாலுக்கு லாரி கிளம்பும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

முன்னொரு காலத்தில் முறை வைத்து நடந்ததுதான். என் அம்மா ஆஸ்பத்திரியில், என் இடுப்பு சரியில்லை என்று ஆளாளுக்குக் காரணம் சொல்லி முறை மாற்றிக்கொண்டதில் இரண்டு வீட்டுக்குப் பேச்சே நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் காரணம் கேட்பதில்லை, அமிதா என்ற கோட்டுக் குலுக்கல் போட்டு முடிவு செய்வது என்று வந்தது.

அமிதாவுக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு நெடுங்கோடு. அடியில் ஒரு கோட்டின் கீழே மட்டும் வட்டம் போட்டு, அந்த ஓரத்தை மடித்து மறைத்துவிடுவார்கள். மேலே வீட்டுக்கொரு கோட்டில் பெயர் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் பென்சிலை வாங்கி, பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் இரண்டை ஏணிப்படி மாதிரி இணைத்து ஒரு குறுக்குக்கோடு போடுவார்கள். மடிப்பைப் பிரித்ததும் வட்டத்தில் விரலை வைத்து மேலே ஏற வேண்டும். குறுக்குக்கோடு வந்த இடத்திலெல்லாம் அடுத்த கோட்டுக்குத் தாவியாக வேண்டும். விரல் எந்தப் பெயரில் போய் நிற்கிறதோ அவர் தலைவர். பள்ளியில் இடம் மாற்றுவதிலிருந்து திருவிழாவில் பாத்திரம் கழுவுவதுவரை எல்லாம் இப்படித்தான் முடிவாகும். இதில் சூது நுழையும் என்று யாரும் நினைப்பதில்லை.

பதினான்கு வருஷத்தில் நமியே நான்கு தடவை தலைவர். தொகாஷி ஒரு தடவைகூட இல்லை. தாளைக் கொண்டுவருவது தொகாஷி. வட்டம் போட்டு மடிப்பதும் அவர்தான். எல்லாரும் எழுதிய பிறகு மிச்சமிருக்கும் கோட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்வதும் அவர். வீட்டு வரிசைப்படி எழுதுவது பழக்கமாகிவிட்டதால் நமியேவுக்கு நான்காவது கோடு, அவருக்கு எப்போதும் பன்னிரண்டாவது.

இந்த வருஷம் இது வெறும் எரிச்சலோடு போகிற விஷயம் இல்லை. தலைமைச் சமையலாள் மார்ச்சோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடம் நமியேவுக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். காலை ஏழேகாலுக்கு வந்து அடுப்பு பற்றவைக்கிறவளுக்குத்தான் அந்த இடம். போன முறை குழுத் தலைவரானபோது வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வரக் கேட்டாள். அந்த வருஷம் முழுக்கத் தட்டு கழுவும் பக்கம் தள்ளிவிட்டார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் இந்த இடம் ஷிசுயோவுக்குப் போகும், தனக்கு வராது.

அப்போதைய தலைவர் உகாய் அம்மாளிடம், நிலநடுக்கப் பயிற்சிப் பட்டியல் பார்க்க வேண்டும் என்று சாக்கு சொல்லிக் குழுவின் பெட்டியை வாங்கி வந்தாள். உள்ளே ஏழு வருஷத்து அமிதாத் தாள்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசையில் பரப்பிப் பார்த்தாள். வட்டம் மூன்றில், நான்கில், மறுபடி மூன்றில், ஐந்தில், நான்கில், இரண்டில், நான்கில். வலது பாதியில் ஒன்றுகூட இல்லை. திருட்டைக் கையோடு பிடித்த மாதிரி அவளுக்குக் காது சூடேறியது.

ஆனாலும் ஒன்று இடித்தது. வட்டம் எங்கே இருந்தால் என்ன? நடுவில் இத்தனை குறுக்குக்கோடு இருக்கிறதே, விரல் எங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போய்விடாதா?

மீந்துபோன உணவுப் பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில் அவளே போட்டுப் பார்த்தாள். குறுக்குக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்தாள், தன் கை ஏமாற்றிவிடக் கூடாதே என்று. வட்டத்தை நான்கிலேயே வைத்து அறுபது தடவை. பாரபட்சம் இல்லையென்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஏறக்குறைய ஐந்து வர வேண்டும். நான்காவது கோட்டுக்குப் பதினேழு வந்தது. மூன்றுக்கும் ஐந்துக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று. பன்னிரண்டாவதுக்கு ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வீடு ஆளுக்கொரு படி போட்டால் மொத்தம் பன்னிரண்டே படி. ஒரு கோட்டில் ஏறுகிறவரின் வழியில் இரண்டோ மூன்றோதான் குறுக்கிடும். விரல் வளைந்து வளைந்து போவது கண்ணுக்குப் பெரிய பயணமாகத் தெரிகிறது. உண்மையில் அது புறப்பட்ட இடத்தின் பக்கத்து வீடுகளைத் தாண்டுவதே அபூர்வம்.

கூட்டத்தில் எழுந்து சொல்லலாம். சொன்னால், பதினான்கு வருஷமாகத் தொகாஷி ஏமாற்றுகிறார் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடும். சொல்லாமல் இருக்கவும் வழி இருந்தது. மார்ச் கூட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே போய், தொகாஷி தாளை விரித்ததும் பன்னிரண்டாவது கோட்டில் தன் பெயரை எழுதினாள்.

"என்ன கஜிதானி சான், ஜோசியக்காரன் இடம் மாறி உக்காரச் சொன்னானா?" என்றாள் உகாய் அம்மாள்.

"நாலுல இருந்து நாலு தடவ அனுபவிச்சாச்சே. போதாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். தொகாஷியும் சிரித்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கமாவது விழுகிறதா என்று நமியே பார்த்துக்கொண்டே இருந்தாள். விழவில்லை. அவரவர் வழக்கமான கோட்டில் எழுதி முடித்த பிறகு மிச்சமிருந்தது நான்காவது. தொகாஷி அதில் தன் பெயரை எழுதினார். நமியே அந்தப் பெயரையே பார்த்தாள். தான் விலகினால் அந்த இடம் காலியாக இருக்காது, அங்கே வேறொருவர் போய் நிற்பார் என்பதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

மடிப்பைப் பிரித்தார்கள். வட்டம் மூன்றில் இருந்தது. உகாய் அம்மாளின் விரல் மேலே ஏறி, நான்குக்குத் தாவி, ஐந்துக்குப் போய், திரும்ப நான்குக்கு வந்து தொகாஷியின் பெயரில் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். கடைசியில் உங்களுக்கும் வந்துவிட்டதே என்று ஒருவர் அவர் தோளைத் தட்டினார். தொகாஷி எழுந்து குனிந்து வணங்கி, ஒரு வருஷம் தன்னைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஏப்ரலில் நமியே தலைமைச் சமையலாள் ஆனாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் சைக்கிளில் கிளம்பும்போது தொகாஷி குனிந்து வலை விரித்துக்கொண்டிருப்பார். வணக்கம் சொல்வார். அதில் ஏதாவது கூடக்குறைய இருக்கிறதா என்று அவள் காது தேடும்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கையைக் காட்டி சைக்கிளை நிறுத்தினார்.

"பெட்டி இப்ப எங்கிட்டதான் இருக்கு. பிப்ரவரியில நீங்க வாங்கிட்டுப் போனதா உகாய் சான் சொன்னாங்க."

நமியே சைக்கிளிலிருந்து இறங்கினாள்.

"லாரி வர்றவரைக்கும் இங்க எனக்கு என்ன வேல? நானும் அந்தத் தாள எல்லாம் எடுத்துப் பாத்தேன். இத்தன வருஷமா எனக்கு ஏதோ அதிர்ஷ்டம்னு நெனச்சிட்டிருந்தேன். கூச்சமாக்கூட இருக்கும். அதுக்காகத்தான் கோடு போடற வேலையாவது நான் செய்றேன்னு எடுத்துக்கிட்டேன்."

"வட்டம் ஏன் எப்பவும் இடது பக்கமே?" கேட்ட பிறகுதான், எல்லாம் தெரிந்தே இடம் மாறினேன் என்று தானே ஒப்புக்கொண்டது அவளுக்கு உறைத்தது.

"எங்க வீட்டு மேச சின்னது. வலது பக்கம் டீ கிளாஸ் இருக்கும். தாளோட அந்தப் பக்கம் கை போகாது. அவ்வளவுதான்." அவர் வலையின் ஓரத்தைச் செங்கல்லால் அமுக்கினார். "நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

வேலையைப் பற்றிச் சொன்னாள். அவர் இன்னொரு செங்கல்லை எடுத்து வலையின் மறு ஓரத்தில் வைத்தார். கேட்டிருந்தால் இந்த வருஷம் நானே எடுத்துக்கொண்டிருப்பேன் என்றார். காரணம் கேட்கக் கூடாது என்றுதானே அமிதா வந்தது என்றாள் நமியே. அதுவும் சரிதான் என்று தலையாட்டினார். யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார்.

"அடுத்த மார்ச்சுல எங்க எழுதுவீங்க?" என்று கேட்டார்.

"எந்த வீட்டுக்கு எந்தக் கோடுன்னு மொதல்ல சீட்டு எடுத்துருவோம். அப்புறம் வட்டம் எங்க இருந்தா என்ன."

"சரி. சீட்ட நீங்க மடிங்க. நான் எண்ணிப் பாக்கறேன்."

நமியேவுக்குச் சிரிப்பு வந்தது. தொகாஷி செங்கல் மேல் வைத்திருந்த பிளாஸ்கை எடுத்தார், மூடியில் டீ ஊற்றினார், குடித்தார். இடது கையால். வீட்டில் டீ கிளாஸ் வலது பக்கம் இருக்கும் என்றவர்.

அவள் சைக்கிளை மிதித்துக் கூடத்துக்குப் போனாள். நூற்றிருபது கிலோ உருளைக்கிழங்கு வந்திருந்தது. எடை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைய உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் இடது என்று எழுதி ஒரு கோடு போட்டாள். ஒரு தடவை பார்த்ததை வைத்து ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டிவிட முடியாது. அவர் டீ குடிப்பதைப் பார்க்க அடுத்த செவ்வாயிலிருந்து ஐந்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பினாள். ஜூலை நடுவில் இடது ஐந்து, வலது நான்கு என்று இருந்தது. இன்னும் பார்க்க வேண்டும்.