எதைப் பொருந்திக்கொள்ள?

மருதமுனையில் சல்மா உம்மாவைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுசி என்பார்கள். சாவு விழுந்த மையத்து வீட்டுக்கு முதல் ஆளாய்ப் போவா. நோன்பு காலத்தில் நாலு வீட்டுக்குக் கஞ்சி அனுப்புவா. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் தலைமாட்டில் நிற்பா. எல்லாம் மெய்தான். ஆனால் அதே வீட்டுக்குள் நாற்பத்திரண்டு வருசம் இருந்த மகள் ஸுஹைறாவிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் ஓம் என்றுதான் தலையாட்டியிருப்பாள். உம்மாவைக் குறை சொல்கிற வாய்க்கு நரகம்தான் என்று சின்னதிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. சொல்லிக் கொடுத்ததும் உம்மாதான்.

ஸுஹைறா அபாயா தைப்பவள். முன்னறையில் மூன்று மெஷின், வேலைக்கு இரண்டு பெண்கள். கல்முனை பஸாரில் நாலு கடைக்கு அவள் வெட்டித்தான் போகும். கையால் அவள் போடுகிற பூவேலைக்குத் தனிப் பேர் இருந்தது. யாராவது வந்து அதைப் புகழ்ந்தால் போதும், உள்ளேயிருந்து சல்மா உம்மா எழும்பி வருவா.

"அந்தப் பூவ நான்தான் கீறிக் குடுத்தன். இவளுக்கு எங்க அதெல்லாம் விளங்கப் போகுது?"

ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாத மனுசியின் பேச்சு இது. ஸுஹைறா தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள். யாரும் வந்து உம்மாவைப் புகழாத நாள் இன்னும் மோசம். அன்றைக்கு உம்மாவுக்குத் தலை சுற்றும், சோறு இறங்காது. "நான் மவுத்தாப் போனாத்தான் உங்களுக்கு என்ட அருமை தெரியும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவா. என்ன கோபம் என்று சொல்ல மாட்டா. மூன்று நாளோ நாலு நாளோ வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கும். ஸுஹைறாவின் புருசன் றிபாத், இந்தப் பக்கத்து வழமைப்படி பெண் வீட்டில் வந்து குடியிருப்பவன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விடுவான்.

ஸுஹைறாவுக்குப் பத்தொன்பது வயதில் ஒலுவில் கெம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். பதிவுக்குப் போகிற அன்று விடியக்குள்ளேயே உம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தா. மூன்று நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். நாலாம் நாள் உம்மா வீட்டுக்கு வந்து, எழும்பி நின்று இறைச்சி ஆணம் காய்ச்சினா. பதிவுத் தேதி அதற்குள் முடிந்துவிட்டது. "என்னத் தனிய உட்டுட்டுப் போக மாட்டன் எண்டு என்ட மகள் அழுதாள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா. ஊரும் ஸுஹைறாவை நல்ல பிள்ளை என்றது. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. தலையணைக்குள் அழுதாள், அது மெய். அந்த அழுகையைக்கூட உம்மா எடுத்துத் தன் கழுத்தில் மாலையாய்ப் போட்டுக்கொண்டா.

இப்போது ஸுஹைறாவின் மகள் நிஹ்லாவுக்குத் தூரத்துப் பேராதனைக் கெம்பஸ் கிடைத்திருந்தது. கடிதம் வந்த அன்றிலிருந்து ஸுஹைறாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. கல்முனையில் டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, கையில் பிழையில்லை என்று சொல்லி, தர்சிகா என்ற உளவள ஆலோசகரிடம் அனுப்பினார். நல்ல பிள்ளை அது, வயதில் இளையவள், குறுக்கே பேசாமல் கேட்டாள். முதல் தரம் ஸுஹைறா உம்மாவைக் காப்பாற்றிக் காப்பாற்றித்தான் பேசினாள். இரண்டாம் தரம் போனபோது எல்லாம் கொட்டிவிட்டாள்.

"பாக்காத ஆளின்ட நோய்க்கு நான் பேர் வெக்க மாட்டன் அக்கா" என்றாள் தர்சிகா. "ஆனா தன்மோக ஆளுமைக் கோளாறு எண்டு ஒண்டு இருக்கு. நெஞ்சை நிமித்திக்கொண்டு பெருமை பேசுற ஆம்பிளைகளைப் பாத்தா எல்லாருக்கும் விளங்கிரும். பொம்பிளைகளில அது கனதரம் வேற மாதிரி வரும். நோயா வரும், தியாகமா வரும், கண்ணீரா வரும். ஊருக்கு நல்லவ. வீட்டில தன்ட பிள்ளையையே தனி ஆளாப் பாக்க ஏலாது. பிள்ளையும் தன்ட கை கால் மாதிரித்தான். கை தன்ட பாட்டில எழும்பிப் போக வெளிக்கிட்டா அவவுக்குத் தாங்காது."

"மாத்தலாமா?"

"அவவை நீங்க மாத்த ஏலாது. முடிவை ஒரு வசனத்தில சொல்லுங்க. விளக்கம் குடுக்க வேணாம், சண்டையும் வேணாம். அவ என்ன சொன்னாலும் அதே வசனத்தைச் சொல்லுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போதே ஸுஹைறா முடிவெடுத்துவிட்டாள். தனக்கு நடந்தது நிஹ்லாவுக்கு நடக்காது. வானம் இடிந்து விழுந்தாலும் நடக்காது.

உம்மாவா சும்மா இருப்பா? அந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போக இருந்தா. நிஹ்லாவின் பதிவு வியாழக்கிழமை காலை என்று தெரிந்த பிறகு, பயண விருந்தைப் புதன்கிழமைக்கு வைத்தா. பேத்தி விருந்துக்கும் நிற்க வேண்டும், ஞாயிறு தன்னை ஹஜ்ஜுக்கு வழியனுப்பவும் நிற்க வேண்டும் என்றா.

"ஒரு கிழமை பிந்திப் போனா கெம்பஸ் ஓடிப் போயிருமா?"

"பிந்தினா இடம் போயிரும். புதன் ரெண்டரை பஸ்ஸுக்கு நாங்க போறம் உம்மா."

"நான் திரும்பி வருவனோ மாட்டனோ, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"புதன் ரெண்டரை பஸ்ஸுக்கு நாங்க போறம் உம்மா."

பதினொரு நாள் இதே கதைதான். உம்மா அழுதா, பட்டினி கிடந்தா, கட்டாரில் இருக்கிற மகன் பர்ஸானுக்குக் கோல் அடித்து, அவனை விட்டு ஸுஹைறாவை ஏசவைத்தா. நிஹ்லாவைத் தனியே கூப்பிட்டு, "உன்ட உம்மாக்கு நீ படிக்கிறது பொறாமை மகள், அதான் என்னையும் உன்னையும் பிரிக்கிறாள்" என்றா. நாலாம் நாள் ஸுஹைறாவின் குரல் உடைந்தது. ஏழாம் நாள் உடையவில்லை. பத்தாம் நாள் கை நடுக்கம் நின்றிருந்தது. அவள் உட்கார்ந்து இரண்டு அபாயா வெட்டி முடித்தாள்.

எங்கள் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வெறுமனே பயணம் சொல்லிவிட்டுப் போவதில்லை. தெரிந்தவர் ஒவ்வொருவரிடமும் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். பொருந்திக்கொள்வதென்றால் மனசோடு மன்னித்து விடுவது. பொருந்திட்டன் என்று மற்றவர் சொன்னால் கணக்கு அங்கேயே முடிந்தது. மனுசருக்குச் செய்த பிழையை அந்த மனுசர்தான் பொருந்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

புதன் பகல் வீடு நிறைந்துவிட்டது. நடு மண்டபத்தில் கதிரை போட்டு, வெள்ளை உடுப்பில் சல்மா உம்மா இருந்தா. பெண்கள் வரிசையாய் வந்து கட்டிப்பிடித்தார்கள். உம்மாவின் கண்ணீர் கன்னத்தில் ஓடியது. அழுகை அவவுக்கு அழகு, அதை மறுக்க முடியாது. "பொருந்திக்கொள்ளுங்க புள்ள" என்பா. "பொருந்திட்டம், எங்களுக்கும் துஆ செய்ங்க" என்பார்கள். கடைசியில் உம்மா எல்லாருக்கும் கேட்க, "ஸுஹைறா, இஞ்ச வா மகள்" என்று கூப்பிட்டா.

ஸுஹைறா போய் முன்னால் நின்றாள். நேரம் ஒன்றரை.

"தெரிஞ்சோ தெரியாமலோ செய்த பிழையைப் பொருந்திக்கொள் மகள்."

மனசோடு கேட்கிற மாதிரித்தான் கேட்கிறா. ஒரு நிமிசம் ஸுஹைறா அதை மெய்யென்றே நம்பினாள்.

"பொருந்திறன் உம்மா. எதை எண்டு ஒண்டைச் சொல்லுங்க."

"என்ன?"

"நீங்க செய்ததில ஒண்டு. ஒரே ஒண்டு. பேரைச் சொல்லுங்க, நான் இப்பவே பொருந்திடுறன்."

பக்கத்து வீட்டு ஜெமீலா அவளின் கையை இழுத்தாள். "என்னகா நீ, பொருந்திட்டன் எண்டு சொல்லன்கா."

ஸுஹைறா அசையவில்லை. உம்மாவை மடக்க அவள் கேட்கவில்லை. ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். ஒலுவில் என்று ஒரு சொல் வந்தாலே போதும், காலில் விழுந்து அழுதிருப்பாள். உம்மா யோசித்தா. மெய்யாகவே யோசித்தா. இத்தனை வருசமும் தெரிந்துகொண்டே மறைக்கிறா என்றுதான் ஸுஹைறா நினைத்திருந்தாள். அந்த முகத்தில் மறைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தேடிப் பார்த்தா, கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு உம்மா எழும்பி, மகளின் தலையில் கையை வைத்தா. "புள்ள கவலையில கதைக்கிறாள்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னா. "நான் இவளப் பொருந்திட்டன். இவள் எனக்குச் செய்த எல்லாத்தையும் பொருந்திட்டன்."

"மாஷா அல்லாஹ், தாய் மனசு" என்றார்கள் பெண்கள்.

ஸுஹைறாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். "சலாமத்தாப் போய்ட்டு வாங்க உம்மா. நாங்க ரெண்டரை பஸ்ஸுக்குப் போறம். நிஹ்லா, பேக்கை எடு."

உம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது. அப்படியே கதிரையில் சரிந்தா. பெண்கள் குழறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நிஹ்லா பேக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

இந்த முறை மெய்யாக இருந்தால்? உம்மா மவுத்தாகி, தான் பஸ்ஸில் இருந்தால் ஊர் என்ன சொல்லும், அல்லாஹ்வுக்கு என்ன பதில்? ஆனால் தான் டொக்டர் இல்லையே என்பதும் அதே நேரம் ஸுஹைறாவின் மனசில் பட்டது. வாசல் கடப்படியில் நின்ற றிபாத்திடம் போனாள்.

"மச்சான், உம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. மெய்யான வருத்தம் எண்டா கோல் எடுங்க, வழியில இறங்கிக் கிறுகி வந்திருவன். புள்ள மட்டும் நிக்காம போவாள்."

றிபாத் மாமியைப் பார்த்தான், பெண்சாதியைப் பார்த்தான். "நீங்க போங்க. நான் பாக்கிறன்" என்றான். அவன் ஓடி ஒளியாத முதல் நாள் அது.

பஸ் அம்பாறையில் நிற்கும்போது கோல் வந்தது. ஈசிஜி நல்லம், பிரஷர் நல்லம், மாமி வட்டிலப்பம் மிச்சம் இருக்கா என்று கேட்கிறா என்றான் றிபாத். ஸுஹைறா போனை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க மூத்தம்மாவைப் பொருந்திட்டீங்களா உம்மா?" என்று நிஹ்லா கேட்டாள்.

"இன்னும் இல்ல. பயணம் நல்லா முடியோணும் எண்டு துஆ செய்றன். அது வேற, இது வேற."

"நானும் போயிட்டா நீங்க தனிய என்ன செய்வீங்க?" என்றாள்.

உனக்காகத்தானே நான் இவ்வளவும் பட்டன், என்ற வசனம் ஸுஹைறாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லும் சரி, இழுவையும் சரி, அப்படியே உம்மாவின் குரல். அவள் பயந்துபோனாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அந்த வசனம் திரும்பிப் போகும்வரை இருந்தாள்.

"தைப்பன்" என்றாள். "நிஹ்லா, நீ என்னை ஒண்டைப் பொருந்தோணும். ரிசல்ட் வந்த அண்டு நீ சந்தோசமா ஓடி வந்தாய். நான் எனக்குக் கெம்பஸ் இல்லாமப் போன கதையைச் சொல்லி அழுதன். நீ உன்ட சந்தோசத்தை உட்டுட்டு, என்னைத் தேத்திக்கொண்டு இருந்தாய். அது உன்ட நாள். அதை நான் எடுத்திட்டன்."

நிஹ்லா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "பொருந்திட்டன்" என்றாள். பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்சம் இருக்கு உம்மா."

"சொல்லு."

பிள்ளை சொல்லத் தொடங்கினாள். பஸ் மகா ஓயா தாண்டியும் முடியவில்லை. சிலதற்கு, அப்படியில்லை மகள், நான் சொல்ல வந்தது வேற, என்று மறுக்க ஸுஹைறாவுக்கு வாய் துடித்தது. முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றாள். ஒன்று மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவில் வரவில்லை.

"அது எனக்கு ஞாபகமில்ல" என்றாள். "ஆனா உனக்கு ஞாபகம் இருக்கு. அப்ப நான் செய்திருப்பன். அதையும் பொருந்திக்கொள் மகள்."