பாலனைக் கொடுத்து வாங்கிய கோப்பை

நனைந்த கயிற்றுப் பாயின் வாடை... அதை முகர்ந்தவர்கள் இந்த வாட்ஸ்அப் குழுவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்களோ தெரியாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நம் பட்டறைத் திடலில் சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பாயை விரித்து, நாலு பக்கமும் இழுத்து ஆணி அடித்தால்தான் கிரிக்கெட். மழை விட்டபின் அந்தப் பாயில் பாலன் போடும் பந்து சீறிக்கொண்டு எழும்பும்.

நான் விக்கெட் கீப்பர். கையுறைக்குள் ஸ்பான்ஜ் வைத்துக்கொண்டுதான் நிற்பேன். அப்படியும் அவன் பந்தைப் பிடித்த அன்று சோறு பிசைய முடியாது. உள்ளங்கை அப்படி எரியும்.

பாலனுக்குப் பத்தொன்பது வயது. வேகம். சின்னப்பனுக்கும் அதே வயது. சுழல். நன்றாகப் பந்து போடுகிறார்கள் என்பதற்காகவே பட்டறையில் இருவருக்கும் கூலி வேலை கொடுத்திருந்தார்கள். அப்போது எல்லா டீமும் அப்படித்தான் ஆள் சேர்த்தது. வேலையோடு, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லைனில் ஒரு வீடும் உண்டு. பாலனும் அவன் அம்மாவும் அந்த ஒற்றை அறை வீட்டில்தான் இருந்தார்கள்.

பந்துவீச்சில் எங்களுக்குக் குறையே இல்லை. ஓட்டம்தான் வராது. நாலு வருடம் பைனலில் தோற்றோம். ஒரு வருடம் ஏழு ஓட்டத்தில், அடுத்து பதினொன்று, அப்புறம் மூன்று, மறுபடியும் ஏழு... எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எவன் எந்தப் பந்தில் அவுட்டானான் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

கிள்ளானில் ஒரு கிடங்குக் கம்பெனி டீம். அதில் ரத்தினம் என்று ஒருவன். அடித்தால் பந்து பெரிய சாக்கடை தாண்டிப் போய் விழும். அவனைத் தருகிறோம், அந்த இரண்டு பையன்களையும் கொடுங்கள் என்று அவர்கள் ஆள் அனுப்பினார்கள்.

கிளப் அறையில் கமிட்டி கூடியது. இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். செயலாளர் நம் பட்டறை ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி என்போம்; யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"வா, வா. அந்தக் கதிரையில இரு."

அதுவரை அந்த அறையில் நான் நின்றுதான் பேசியிருக்கிறேன். அன்று உட்கார வைத்து, தேத்தண்ணியும் கறிபாப்பும் கொடுத்தார்கள்.

"விக்கெட்டுக்குப் பின்னால நிக்கிறவன் நீ. உனக்குத்தான் அந்தப் பெடியளின்ர பந்து தெரியும். ரெண்டு பேரையும் குடுக்கலாமோ? சொல்லு பாப்பம்."

கூடாது என்றவர்களில் ஒருவர் ஸ்டோர் மேஸ்திரி, மண்டோர். அவருக்கு ஆத்திரம். "பந்து போடுறவன குடுத்துட்டு என்னா பண்றது? ரத்தினமே அடிச்சி, ரத்தினமே பந்தும் போடுவானா? அந்தப் பையனுங்களுக்கு மீச கூட இன்னும் ஒழுங்கா மொளைக்கல லா. பத்து வருசம் ஆடுவானுங்க!"

பத்து வருடம்... எனக்கு அப்போது முப்பத்தைந்து. இரண்டு விரல் உடைந்து கோணலாகிவிட்டிருந்தது. என்னிடம் பத்து வருடம் இல்லை. ஒரு தடவையாவது அந்தக் கோப்பையைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் மனதில்.

"குடுத்துடுங்க ஐயா. பந்து போட ஆள வளத்துக்கலாம். அடிக்கிறவன் கெடைக்க மாட்டான்."

பெரிய கிராணி நோட்டில் எழுதி, எழுதியதை வாசித்தார். கமிட்டி முடிவு என்றுதான் இருந்தது. என் பேர் இல்லை. நானும் கேட்கவில்லை.

பையன்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை பாலன் என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, என்னாண்ணே இது? வீட்ட காலி பண்ண சொல்றாங்க. அம்மாகிட்ட நான் என்னா சொல்றது?"

"மேலிடத்து முடிவுப்பா" என்றேன்.

அந்த வருடம் கோப்பை எங்களுக்கு. பைனலில் ரத்தினம் எண்பத்திரண்டு அடித்தான். கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவில் நடுவில் நிற்பவன் நான்தான். அடுத்த வருடம் ரத்தினத்துக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேறொரு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. போய்விட்டான்.

அதற்கப்புறம் எங்களுக்குப் பந்து போட ஆளே இல்லை. எதிர் டீம்காரன் எல்லாப் பந்தையும் அடித்தான். நான் பின்னால் குந்தியிருப்பேன்... கையுறைக்குப் பந்தே வராது. கை எரியாமல் வீட்டுக்குப் போன சனிக்கிழமைகள் அவை. இரண்டு வருடத்தில் டீம் கலைந்தது.

கிள்ளானில் பையன்களைக் கிடங்கில் போட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் அரிசி மூட்டை. பந்து வீசுகிற தோளிலேயே மூட்டை. ஒரு வருடம் தாண்டவில்லை, பாலனால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. சின்னப்பன் குடியில் விழுந்தான். இப்போது அவன் இல்லை.

போன தீபாவளிக்குப் பாலன் வீட்டுக்குப் போயிருந்தேன். முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் பழைய கதையை எடுத்தான்.

"அந்தக் கிராணிதாண்ணே எங்கள தூக்கிக் குடுத்துட்டான். நீங்க மட்டும் அந்த ரூம்ல இருந்திருந்தா வுட்டிருக்கவே மாட்டீங்க."

"ஆமாப்பா" என்று சொல்லி முறுக்கைக் கடித்தேன்.

இப்போது சுபாங் ஜெயாவில் என் பேத்தி ஹாக்கி ஆடுகிறாள். அவளை வேறு கிளப்புக்குக் கேட்டார்கள். கோச் முதலில் அவளைத்தான் உட்கார வைத்து, "உனக்குப் போக விருப்பமா?" என்று கேட்டார். அப்புறம்தான் அப்பா, அம்மா, கையெழுத்து எல்லாம். பதினைந்து வயதுப் பிள்ளை, "நான் போகல கோச்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தக் காலம் போல் வருமா என்று இங்கே எல்லோரும் எழுதுவதைப் பேத்திதான் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள்... வர வேண்டாம்.

எழுதத் தெரியாதவனுக்கும் இந்த போன் பேசப் பேச எழுதிக் கொடுக்கிறது. பாலனின் மகள் இந்தக் குழுவில் இருக்கிறாள். அவனுக்குக் கண் மங்கிவிட்டது. ஏம்மா, உன் அப்பாவை உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டு. நான் அந்த ரூமில்தான் இருந்தேன் என்று சொல். மண்டோர் தடுத்ததையும் சொல். நான் சொன்னதில் ஒரு வார்த்தை கூடக் குறைக்காதே.