மீன்குடல் கிடங்கில் கிடந்த மெழுகுத்துண்டு

முல்லைத்தீவுக் கடற்கரையில் ஞானமலரின் கருவாட்டு வாடிக் கொட்டிலைத் தெரியாத ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து ஒரு தறப்பாள் விரிப்போடு வந்திறங்கி, ஒருத்தரிடமும் கைநீட்டாமல் வாடியும் கல்வீடும் எழுப்பினவள். அதை அவளே நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுவாள். சொல்லட்டுமே, பொய்யா? அந்த வீட்டில்தான் தம்பி அனிஸ்ரனும் அவன் பெண்சாதி நிறஞ்சனாவும் குந்தியிருந்தார்கள்.

ஞானமலருக்கு ஐம்பத்திமூன்று வயதில் மார்பில் கட்டி வந்தது, புற்றுநோய்தான் என்றார்கள். ஊசியால் எடுத்த சதையை மெழுகுக்குள் பதித்து, சின்னத் துண்டாக உறையிலிட்டு அவள் கையிலேயே தந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இன்னொரு நிபுணர் அதைப் பார்க்கவேண்டும். நோயோடு மல்லுக்கட்ட உடம்பு அனுப்புகிற எதிர்ப்புக் கலங்கள், அதாவது வெள்ளை அணுக்கள், கட்டிக்குள் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்று பார்ப்பார்களாம். கனக்க இருந்தால், கட்டியை வெட்டுமுன் ஏற்றுகிற மருந்து நன்றாகக் கேட்கும் என்று நம்பலாம். ஆனால் அடித்துச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். துண்டு தொலைந்தால் திரும்பவும் ஊசி, மருந்து தொடங்க மூன்று கிழமை பிந்தும். கட்டியோ பெருத்துக்கொண்டிருந்தது.

புறப்படுகிற காலை, மேலே மாதா சுரூபம் வைத்த அலுமாரியில் துண்டைக் காணவில்லை. நிறஞ்சனாவைக் கேட்டாள்.

"புற்றுநோயை மாதா சுரூபத்துக்குக் கீழ வைப்பினமோ, மச்சாள்? நான் எடுத்துக் குடல் கிடங்குக்குள்ள போட்டிட்டன்."

ஞானமலருக்கு உமட்டிக்கொண்டு வந்தது. கிடங்கை நினைத்தல்ல. நோய் தெரிந்த நாளிலிருந்து மச்சாளுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்கினவளின் முகத்தைப் பார்த்து.

வாடிக்குப் பின்னால் அந்தக் கிடங்குக் குழிக்குள் இரண்டு நாள் மீன்குடல் புழுத்து நெளிந்தது. அவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினாள். அனிஸ்ரன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"விடுங்கோ அக்கா. ஊசியைத் திரும்பப் போடலாம்தானே."

"உனக்கோ போடுறது?"

வேலியோரம் நிறஞ்சனா ஓங்காளித்தாள்.

"இந்த மணத்திலதானடி நீ மூண்டு நேரமும் திண்டனி," என்றாள் ஞானமலர், நிமிர்ந்தும் பாராமல்.

அரைமணித்தியாலம் கழித்து உறை அகப்பட்டது. வாய் இறுக ஒட்டியிருந்ததால் உள்ளே ஈரம் போகவில்லை. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாள். பஸ்ஸில் அந்த மணத்துக்குப் பக்கத்துச் சீற்றில் ஒருத்தரும் இருக்கவில்லை, கால்நீட்டிக்கொண்டு போனாள்.

மறுகிழமை டொக்டர் முடிவை வாசித்தார். கட்டிக்குள் எதிர்ப்புக் கலங்கள் நிறைந்து கிடக்கின்றன, நல்ல அறிகுறி, புதன்கிழமையே மருந்தைத் தொடங்கலாம் என்றார்.

"உங்கட உடம்பு சும்மா இருக்கேல்லை, அம்மா."

"நான் எப்ப டொக்டர் சும்மா இருந்தனான்?"

வீட்டில் நிறஞ்சனா மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தாள். தான் நேர்த்தி வைத்தபடியால்தான் மாதா கண் திறந்தா என்று அயலெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் துணையாகத் தானே வருவதாகவும் சொன்னாள். ஞானமலரோ வாடியில் மீன் வெட்டுகிற தயாளினியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மருந்து ஏற்றி வந்த அன்றிரவு நிறஞ்சனா கதவடியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஞானமலர் மூன்று தரம் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். இரண்டு தரம் மருந்தாலே.