ஷாமளாவின் பின்சக்கரம்

"அக்கா, உங்க எடை எவ்வளவு?" என்று சைக்கிள் கடையில் சக்கரம் கட்டும் தீபன் கேட்டான். ஷாமளா கண்ணிமைக்காமல் "அறுபத்திரண்டு" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். பக்கத்தில் நின்ற கணவன் மகேஸ்வரன் கூரையைப் பார்த்தான்.

ஷாமளாவுக்கு மலேசியாவின் ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலை, வயது நாற்பத்தாறு. போன வருஷம் டெங்கியில் சாகக் கிடந்து பிழைத்தவள், எழுந்து உட்கார்ந்ததும் சைக்கிள் வேண்டும் என்றாள். மிதித்துப் பழகிய பிறகு, இரண்டு நாள் மிதிக்க வேண்டிய மூவார் ஊர் வரை தனியாகப் போகப்போவதாகக் கேன்டீனில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "இந்த உடம்ப வச்சுக்கிட்டா?" என்று ஒருத்தி சிரித்தாள். அது சுருக்கென்று தைத்தது. மூவாருக்குப் போய்ச் சேராவிட்டால் சைக்கிளை விற்றுவிடுவது என்று அன்றே முடிவுகட்டினாள். அந்தப் பயணத்துக்காகத்தான் புதுப் பின்சக்கரம் கட்ட இப்போது வந்திருந்தாள்.

"அறுபத்திரண்டுன்னா பின்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு ஸ்போக்ஸ் கம்பி போதும்க்கா," என்றான் தீபன். "எண்பதத் தாண்டி, மூட்டையும் ஏத்துனா முப்பத்தாறு போடணும். இல்லன்னா குழியில எறங்குனா கம்பி அறுந்துரும்."

"முப்பத்திரண்டே போடு. டயரும் ஒல்லியா போடு." உடம்புதான் கேட்கவில்லை, டயராவது ஒல்லியாக இருக்கட்டுமே!

வண்டி வந்தபோது டயர் கொழுகொழுவென்று இருந்தது. ஒல்லி டயர் ஸ்டாக் முடிந்துவிட்டது என்றான் தீபன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

கிளம்பிய முதல் நாள் இரவு பாதி வழியில் ஆயர் ஈத்தாமில் தங்கினாள். மறுநாள் காலை ஒரு லாரி அவளைச் சாலையோரத்துக்கு நெருக்க, மூட்டை முடிச்சோடு பின்சக்கரம் குழியில் டமாரென்று இறங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. அறுந்த கம்பியைத் தேடி ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. ஆனால் முப்பத்தாறு இருந்தன. மறுபடி எண்ணினாள். முப்பத்தாறேதான்.

மகேஸ்வரனுக்குப் போன் போட்டாள். "நீங்கதானே தீபன்கிட்ட சொன்னீங்க?"

"ஆமா லா. டயரையும் நான்தான் மாத்தச் சொன்னேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் முன்னாலயா? உன் மூஞ்சி வாடிப்போயிருக்கும்."

"என் எடை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டெங்கி வந்து நீ மயங்குன அன்னைக்கு நம்ம பிளாட்ல லிஃப்ட் வேலை செய்யல. நாலு மாடி உன்னத் தூக்கிட்டு எறங்குனேன். உனக்கு நெனவே இல்ல. ஒரு வாரம் இடுப்பு பிடிச்சுக்கிச்சு, அதையும் சொல்லல."

ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனிடம் போய் மறைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"எண்பத்தாறுங்க," என்றாள்.

"தெரியும். தண்ணி குடிச்சியா?"

மூன்று மணிக்கு மூவார் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். எப்போதும் கழுத்துக்கு மேல்தான் படம் எடுத்துக்கொள்வாள். அன்று வழியில் போனவரை நிறுத்தி, தலை முதல் கால்வரை முழு உடம்பும் தெரிய, சைக்கிளோடு படம் எடுக்கச் சொல்லிக் கேன்டீன் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.