அப்பாவின் சக்ஸபோன் கேட்ட நாள்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்து, வந்தவர்களில் பாதிப்பேர் போய், மீதிப்பேர் பாய்களில் சாய்ந்திருந்த பின்னேரம் அது. அப்பாவின் தங்கையான மாமி தன்னுடைய கலியாண வீடியோவைக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கும் காட்சி வேறெங்கும் கிடையாது என்பது அவருடைய நியாயம். ரீவியில் போட்டோம். மணவறைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் அடர்ந்த மீசையுமாக, கன்னங்கள் இரண்டும் உப்ப, அப்பா சக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். ரீவியிலிருந்து வந்ததோ வீணையும் ஒரு பாடகியின் குரலும். வீடியோக்காரர் உள்ள சத்தத்தை எடுத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்.

“மாமா குழலுக்குள்ள வீணையை ஒளிச்சு வச்சிருக்கிறார்” என்றான் மாமியின் மகன் கஜன்.

அம்மாகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிய முன்னமே ஒன்று உறைத்தது: அப்பா வாசித்து நான் கேட்டதே இல்லை.

நான் பிறக்க முன்னமே அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் படங்கள் இருந்தன, கதைகள் இருந்தன, ஒரு துளிச் சத்தம் இல்லை. ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்துக்குள் எங்காவது ஓரிடத்தில் அப்பாவின் வாசிப்பைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று அந்தப் பாயிலேயே தீர்மானித்தேன். அந்த ஒரு வருடத்தின் கதைதான் அப்பாவின் நினைவு மலருக்கான இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன், உங்களில் பலருக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்லவேண்டும்.

அப்பா மூதூருக்குப் பக்கத்திலுள்ள கட்டைபறிச்சானில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். மேற்படிப்புக்காக லோஞ்ச் படகில் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வந்தவர், பாடசாலை பாண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தார். குழுவில் சேர்ந்தால் காலை வெயிலில் அணிவகுத்து நிற்கத் தேவையில்லை என்று ஆரோ சொன்னதுதான் காரணமாம். வந்த பிறகுதான் தெரிந்தது, வாத்தியக்காரர்தான் கடைசிவரை வெயிலில் நிற்பவர்கள் என்று. வெயில் பழகிவிட்டது, சக்ஸபோன் ஒட்டிக்கொண்டது.

பிறகு துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் எழுதுவினைஞராக வேலை கிடைத்தது. அங்கே ஒரு கப்பலின் சமையல்காரர், பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர், அப்பா சீழ்க்கை அடித்த விதத்தைக் கேட்டு ஒரு கசற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முழுக்க ஜாஸ் இசை. கசற்றில் ஓர் எழுத்தும் இல்லை. வாசித்தவர்கள் யார், எந்த ஊர், உயிரோடு இருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. அப்பா சும்மா இருப்பாரா? அவர்களுக்குத் தானே பெயர் வைத்தார். பியானோக்காரர் ‘வாத்தியார்’. ட்றம்ஸ் அடிப்பவர் ‘சின்னத்தம்பி’. ஆளுயரத் தந்தி வாத்தியத்தில் அடியில் மெதுவாக நடந்துகொண்டேயிருக்கும் டபுள் பேஸ்காரர் ‘பொன்னம்பலம்’. எங்கள் வீட்டில் பின்னேரத் தேத்தண்ணியோடு இவர்களும் வருவார்கள். “கவனியுங்கோ, இப்ப பொன்னம்பலம் ஒரு கதை சொல்லப்போறார்” என்பார் அப்பா.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில், போனில் உள்ள செயலி ஒன்றைக் கொண்டு அந்தக் கசற்றை அடையாளம் கண்டேன். பெரிய சாதனை செய்துவிட்ட பெருமையோடு மூவரின் உண்மைப் பெயர்களையும் வாசித்துக் காட்டினேன். பேஸ்காரர் தன் பெயரில் ஓர் இசைத்தட்டுக்கூட வெளியிடாமலே இறந்துபோயிருந்தார். மற்றவர்களுடைய தட்டுகளின் உறைகளில், பின்பக்கத்தில், பொடி எழுத்தில் மட்டும் இருந்தார். அப்பா மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

“நல்ல பேர்தான். ஆனா பொன்னம்பலம் எண்டாத்தான் பிள்ளை எனக்கு அவற்ற முகம் வருது.”

இடப்பெயர்வுக் காலத்தில் அரிசி மூட்டையை விட்டுவிட்டுச் சக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்று மாமி இன்றும் குறை சொல்வார். நிலைமை கொஞ்சம் அடங்கிய காலங்களில் கலியாண வீடுகளிலும் விருந்துகளிலும் ஒரு சிறு குழுவோடு வாசித்தார். ட்றம்ஸ், கிண்ணியாவைச் சேர்ந்த அவருடைய துறைமுகக் கூட்டாளி. அண்ணன் முறையில் ஊரே அழைப்பதுபோல நாங்களும் அவரை ராசிக் நானா என்போம். ஒரு நாள் கிண்ணியாத் துறையில், வாகனங்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவையான ‘பாதை’யால் இறங்கும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கி, அப்பாவின் முன்பற்கள் போயின. சக்ஸபோனுக்கு முன்பல் இல்லாமல் ஏலாது. கட்டுப்பல்லோடு முயன்று பார்த்துவிட்டு, “பல்லும் சேர்ந்து வாசிக்குது” என்று சிரித்தபடி வாத்தியத்தை ஒரு பாடசாலைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். அதைப்பற்றி ஒருபோதும் சலித்துக் கதைத்ததில்லை. அண்ணாவையும் என்னையும் படிப்பித்தார், அலுவலகத்தில் ஒருவரையும் பகைக்காமல் ஓய்வு பெற்றார். யார் எங்கே வாசித்தாலும் முன்னால் நிற்பவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவரிடம் போய்க் கைகொடுப்பார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், இயர்போனின் ஒரு முனை அவர் காதில், மறுமுனை என் காதில். “பொன்னம்பலம் இண்டைக்கு நல்ல சுகமா இருக்கிறார்” என்றார். அதன் பிறகு அப்பா அதிகம் கதைக்கவில்லை. அமைதியாகவே போனார்.

இனி என் தேடல். அந்தக்கால வீடியோக்காரர் தவம் அண்ணையிடம் போனேன். எங்கே அப்பாவின் சத்தம் என்று கேட்டதும், அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பிள்ளை, உள்ள சத்தத்தை அப்பிடியே குடுத்தா சனம் சண்டைக்கு வரும். ஜெனரேற்றர் கத்தும், சமையல்காரன் கத்துவான், பெண்ணின்ர பெரியப்பா ஆரையோ பேசுவார். பாட்டுப் போட்டாத்தான் அது கலியாணம்.”

“அசல் கசற்றுகள்?”

“அதுக்கு மேல அடுத்த கலியாணம்.”

நான் எழும்பிப் படியிறங்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அப்பாவின் குழு வாசித்த, எங்கள் அயலிலிருந்த ஜெயந்தி அக்காவின் கலியாணம். மாப்பிள்ளையின் தாயார் கனடாவில், வரமுடியவில்லை. அடுத்த நாளே ஒருவர் பயணம் போக இருந்ததால், பாட்டுப் போட நேரமில்லாமல் எடுத்தது எடுத்தபடி கொடுத்தனுப்பிவிட்டாராம். “அதுக்கு இண்டைக்கும் எனக்கு வெக்கம்” என்றார்.

இப்போது கனடாவிலிருக்கும் ஜெயந்தி அக்காவை வட்ஸ்அப்பில் பிடித்தேன்.

“கசற் நிலவறையில கிடக்கு. ஆனா ஒருத்தரும் பாக்கிறேல்லையடி. உள்ள ஒரே கரைச்சல் சத்தம்.”

“அந்தக் கரைச்சல்தான் அக்கா எனக்கு வேணும்!”

கசற்றில் பூஞ்சணம். அக்கா கொண்டுபோன முதற்கடையில் ஏலாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பதிலே சொல்லவில்லை. அதுவும் போனால் அவ்வளவுதான், இனித் தேட வேறு இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டு எழும்பும் நேரம், அந்தப் பதிவு என் போனில் வந்து விழுந்தது.

முதலில் ஜெனரேற்றர். பிறகு தட்டுகள். “சோறு முடியுது, ஆரும் வாங்கோவன்!” என்று ஒரு குரல். அதற்குள்ளிருந்து சக்ஸபோன். கொஞ்சம் கரகரப்பான, அவசரமில்லாத சத்தம். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் முதல் அடியை வாசித்தார்; இரண்டாம் அடியில் பாட்டை அப்படியே விட்டுவிட்டு எங்கோ புறப்பட்டுவிட்டார். ட்றம்ஸ் பின்னாலேயே ஓடியது. கூட்டத்திலிருந்து ஒருவர் கத்துகிறார்: “அண்ணை, பாட்டு எங்க போகுது?” ராசிக் நானாவின் இளமைக் குரல்: “வரும், வரும், பொறுங்க!” மேலே ஏறி, சறுக்கி, ஒரே இடத்தை மூன்று விதமாகத் திரும்பச் சொல்லி, இனிப் பாட்டை மறந்தேவிட்டார் என்று நான் நினைத்த கணத்தில், அப்பா ஒன்றுமே நடக்காதவர்போல மூன்றாம் அடிக்குள் வந்து நின்றார். கூட்டம் கைதட்டியது.

அம்மா ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

“சீனி வாங்கக் கடைக்குப் போனாலும் இப்பிடித்தான்” என்றார். “வழியில ஆரோடயாவது கதைச்சுப்போட்டு, பொழுதுபட வருவார். ஆனா சீனி வரும்.” பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். “இன்னொருக்காப் போடு.”

அன்று எத்தனை முறை போட்டோம் என்று தெரியாது. அழுகை வரும் என்று நினைத்தேன். எங்கள் இருவருக்கும் பசிதான் வந்தது. மிச்சமிருந்த சோற்றையும் மீன் குழம்பையும் சட்டியோடு வைத்துச் சாப்பிட்டோம்.

அப்பாவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், செத்தவீட்டன்று எங்களைக் கேட்காமலே பந்தல் போட்டு, உலை வைத்து, எல்லாவற்றையும் நடத்திய அயலவர்களுக்கும், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் சாப்பாட்டோடு வந்த அப்பாவின் கூட்டாளிகளுக்கும், ஜெயந்தி அக்காவுக்கும், தவம் அண்ணைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. தவம் அண்ணை இனி அந்தக் கசற்றுக்காக வெட்கப்படத் தேவையில்லை.

பதிவை ராசிக் நானாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். அழுதார், சிரித்தார், நடுவில் தான் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டதாகக் கவலைப்பட்டார். அவருடைய வாசிப்பு தனியாக எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“என்னய ஆரு மகள் பதிவாங்க?”

“நான் வாறன்.”

“இப்ப கை நடுங்குது. ஒரு அடி ரெண்டடியாக் கேக்கும்.”

“ரெண்டையும் பதியிறன்.”

ட்றம்ஸ் எப்போதோ போய்விட்டது, ஒரு தோலும் ஒரு தாளத் தட்டும்தான் மிச்சம் என்றார். பின்வளவில் ஆடுகள் நிற்கின்றன, ஓயாமல் கத்தும் என்றார். கத்தட்டும். வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போகிறேன்.